வெங்காயத்தாமரைக்கு வேதிச் சோதனை: தனியார் ஆய்வகத்தில் என் அனுபவம்

முதுகலை தாவரவியல் ப்ராஜெக்ட்டுக்காக வெங்காயத்தாமரையை மூட்டை கட்டிக்கொண்டு கோவையில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு நாலைந்து மாதம் அலைந்தவன் எழுதுவது. மூன்று வேலை கொடுத்தேன்: பைட்டோகெமிக்கல் ஸ்கிரீனிங் (செடியில் என்னென்ன வகைச் சேர்மம் இருக்கிறது என்று நிறமாற்றம் போன்றவற்றை வைத்துப் பார்ப்பது), ஜிசி-எம்எஸ் (சாற்றை ஆவியாக்கி, சேர்மங்களைப் பிரித்து அடையாளம் சொல்கிற கருவி), கன உலோகச் சோதனை. முதலாவதுக்கு 5க்கு 4, இரண்டாவதுக்கு 5க்கு ஒன்றரை, மூன்றாவதுக்கு யோசிக்காமல் 5க்கு 5. ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே நான் கண்ட குறை, என்னோடு படித்தவர்கள் வேறு வேறு இடங்களில் வாங்கி வந்த அறிக்கைகளிலும் அப்படியே இருந்தது. ஒரு இடத்தை மட்டும் கைகாட்டினால் மற்ற இடமெல்லாம் சரி என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

செடியைத் தெரியாதவர்கள் குறைவு. குளத்தில் தண்ணீரே தெரியாதபடி பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்குமே, ஊதாப் பூவோடு, அதுதான். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் இருந்து பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. அங்கே ஆறும் வாய்க்காலும் அடைபட்டு, படகு போக வழியில்லாமல், நெல் வயலும் கெட்டு, கடைசியில் 1936இல் இதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. சூடும் கழிவுநீரும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இவ்வளவு கிடைக்கிற பொருளில் மருந்துக்கு ஆகிற ஏதாவது இருந்தால் குளமும் சுத்தமாகுமே, அள்ளுகிறவனுக்கும் நாலு காசு கிடைக்குமே என்ற எண்ணத்தில்தான் நான் இதை எடுத்தேன். இன்னும் அந்த எண்ணம் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்பது இந்த அலைச்சலில்தான் தெரிந்தது.

சேகரிக்கப் போன அன்று குளத்தில் மீன் குத்தகை எடுத்த அண்ணன்தான் பரிசலில் கூட்டிப்போனார். "ஏனுங் தம்பி, இதைப் போயி மருந்துக்குங்களா? மாடே மோந்து பாத்துட்டுப் போயிருமுங்களே" என்று கேட்டுக்கொண்டே, வேரோடு தூக்கிக் காட்டினார். அந்த வேரை நீங்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பும் ஊதாவுமாக, கோழி இறகு மாதிரி, ஒவ்வொரு இழையிலும் சேறு நுணுக்கமாக அப்பியிருக்கும். எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. இலையில் ஆங்காங்கே சின்னச் சின்னதாகச் சுரண்டிய தழும்புகள் இருந்தன. அது நியோகெட்டினா என்கிற கூன்வண்டு தின்ற அடையாளம். இந்தச் செடியைக் கட்டுப்படுத்தவென்றே வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து 1980களில் பெங்களூருவில் விட்டார்கள், இப்போது நம் பக்கமும் இருக்கிறது. வண்டு கடித்த இலையில் பீனால் வகைச் சேர்மங்களின் அளவு மாறலாம் என்பதால் தழும்பு இல்லாத இலையாகப் பொறுக்கினேன். நறுக்கும்போது கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செடிக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கிறது.

இன்னொன்று, இந்தச் செடியில் 95 சதவீதம் வரை தண்ணீர்தான். 10 கிலோ அள்ளிக்கொண்டு வந்து நிழலில் உலர்த்தினால் கையில் மிஞ்சுவது அரைக் கிலோ சொச்சம். "ஒரு கிலோ போதும்" என்று ஆய்வகத்தில் போனில் சொன்னார்கள், அது பச்சையா காய்ந்ததா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை குளத்துக்குப் போகும்படி ஆயிற்று.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாதிரியின் பெயர் என்ற இடத்தில் 'ஆகாயத்தாமரை' என்று எழுதினேன். செய்தித்தாளில் எல்லாம் அப்படித்தானே எழுதுகிறார்கள், 'குளத்தை ஆக்கிரமித்த ஆகாயத்தாமரை' என்று. பத்து நாள் கழித்து வந்த முதல் அறிக்கையின் தலைப்பில் தாவரவியல் பெயர் பிஸ்டியா ஸ்ட்ரேஷியோட்டஸ் என்று இருந்தது. அது வேறு செடி! சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்றால் அந்த பிஸ்டியாதான், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி காம்பில்லாத, வெல்வெட் போன்ற இலையோடு மிதக்குமே அது. அதைச் சேர்த்துக் காய்ச்சிய தைலம் உடல் சூட்டுக்கும் மூலத்துக்கும் சொல்லப்பட்டது. நான் கொண்டுபோனது ஐகோர்னியா கிராஸிப்ஸ், இப்போது பொன்டடேரியா கிராஸிப்ஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், அதனால்தான் வெங்காயத்தாமரை. இரண்டும் வேறு வேறு குடும்பம், சேப்பங்கிழங்குக்குப் பக்கத்து உறவு பிஸ்டியா. மாதிரியை ஒருவர் கூடப் பிரித்துப் பார்க்காமல், படிவத்தில் இருந்த தமிழ்ப் பெயரை இணையத்தில் தேடி அறிக்கையில் ஒட்டியிருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. நான் இந்தச் செடியில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேள்விப்பட்டு என் அத்தை, "கண்ணு, ஆகாயத்தாமரைப் பொடி கொஞ்சம் இருந்தாக் குடு, மூலத்துக்கு நல்லதாம்" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த மருத்துவத்தில் அந்தப் பெயருக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் என் வீட்டு அலமாரியில் அந்தப் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்தது சாக்கடை கலந்த குளத்தில் அள்ளிய வேறு செடி. நான் ஊரில் இல்லாத நாளில் அத்தை வந்து கேட்டிருந்தால் அம்மா ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்திருப்பார். அன்றைக்கே டப்பாவில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு 'வெங்காயத்தாமரை, சாப்பிடக்கூடாது' என்று எழுதி ஒட்டினேன். மாதிரியைக் கொடுக்கும் முன் பூவோடு இருக்கிற செடியை அழுத்தி உலர்த்தி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (பிஎஸ்ஐ) தென்மண்டல மையத்தில் அடையாளச் சான்று வாங்கிவிடுங்கள். அது கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அந்தச் சான்றின் நகலைப் படிவத்தோடு பின் அடித்துக் கொடுத்தால் பெயர்ப் பிரச்சினையே வராது. ஆய்வகம் அறிக்கையைத் திருத்திக் கொடுத்துவிட்டது, காசு கேட்கவில்லை.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். ஸ்கிரீனிங் செய்த அக்கா அருமையான ஆள். "கூட நின்னு பாக்கலாமா அக்கா?" என்று கேட்டதும், "கோட்டு போட்டுட்டு வா தம்பி, எதையும் தொடாதே" என்று உள்ளே விட்டார். இந்தச் செடியின் மெத்தனால் சாறு கரும்பச்சையாக இருக்கும், பச்சையம் அத்தனையும் இறங்கியிருக்கும். பெரிக் குளோரைடு விட்டால் பச்சையோ நீலக் கறுப்போ வந்தால் டானின், பீனால் இருக்கிறது என்று பாடத்தில் படித்திருப்போம். ஏற்கெனவே பச்சையாக இருக்கிற சாற்றில் பச்சை வந்தது என்று எப்படிச் சொல்வது? அக்கா முதலில் பெட்ரோலியம் ஈதரில் பச்சையத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, வெளிறிய சாற்றில்தான் சோதனையைச் செய்தார். பக்கத்தில் மருந்து விடாத குழாய் ஒன்றை வைத்து, இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒரு செமஸ்டருக்குச் சமம்.

நைட்ரஜன் அடங்கிய தாவரச் சேர்மங்களான ஆல்கலாய்டுக்கு ஒரே ஒரு சோதனையோடு அவர் நிற்கவில்லை. மேயர், வாக்னர், டிராகன்டார்ஃப் என்கிற மூன்று சோதனை மருந்துகளையும் விட்டார். டிராகன்டார்ஃபில் ஆரஞ்சு வீழ்படிவு பளிச்சென்று வந்தது, மேயரில் லேசாகத்தான் கலங்கியது. புரதம் இருந்தால்கூட இந்த மருந்துகளில் சில சமயம் கலங்கும் என்பதால், ஒன்றில் வந்தது என்று 'உண்டு' போடமாட்டேன் என்றார். ஷினோடா சோதனையில் மக்னீசியத் துருவலும் அமிலமும் சேர்ந்து நுரைத்து அடங்கியதும் இளஞ்சிவப்பு தெரிந்தது, பிளேவனாய்டு என்கிற தாவரச் சேர்ம வகை இருப்பதன் அடையாளம் அது. சோப்பு மாதிரி நுரைக்கிற சபோனினுக்குக் குழாயைக் குலுக்கிவிட்டு நுரை நிற்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அறிக்கையிலும் வெறும் கூட்டல், கழித்தல் குறி போடாமல் என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், டிபிபிஎச் என்கிற ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனையை ஒரே ஒரு செறிவில் மட்டும் செய்து சதவீதம் கொடுத்தார்கள், வைட்டமின் சியைப் பக்கத்தில் ஒப்பிட்டு ஓட்டவில்லை. ஊதா நிறம் மஞ்சளாக வெளுத்தது நிஜம்தான். எதோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று தெரியாமல் அந்தச் சதவீதத்தை வைத்து என்ன செய்வது? கேட்ட பிறகு ஐந்து செறிவில் திரும்பச் செய்து கொடுத்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம்.

அப்புறம் ஜிசி-எம்எஸ். இதைப் பற்றித்தான் நான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் காசு கொட்டுவது இதில்தான். அறிக்கை வண்ணத்தில், வழவழ தாளில் வந்தது. முப்பது சேர்மங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மருத்துவப் பயன்' என்று ஒரு கட்டம். புற்றுநோய் எதிர்ப்பு, கொழுப்புக் குறைப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பு என்று நிரம்பி வழிந்தது. வாங்கிய அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, குளத்தில் கிடப்பது தங்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் எங்கள் கைடு மேடம் பார்த்துவிட்டு மூன்று வரிகளில் பென்சிலால் வட்டம் போட்டார்கள். முதல் வட்டம் ஹெக்ஸாடெகனாயிக் அமிலம், அதாவது பால்மிட்டிக் அமிலம். அது பனை எண்ணெயில் இருக்கிறது, முருங்கைக் கீரையிலும் இருக்கிறது, எந்தச் செடியை ஓட்டினாலும் வரும். அதற்கு எதிரே இருந்த பயன்கள் டாக்டர் டியூக் என்கிற அமெரிக்கத் தாவரவியலாளரின் தரவுத்தளத்தில் இருந்து எடுத்தவை. அந்தத் தரவுத்தளம் நல்ல வேலைதான், ஆனால் ஒரு சேர்மத்துக்கு எங்கேயோ ஒரு சோதனைக் குழாயில் தெரிந்த குணத்தை, நம் செடியின் குணமாக எழுதிவிட முடியாது. என் நண்பன் வேறு இடத்தில் வேறு மூலிகைக்கு வாங்கிய அறிக்கையை எடுத்து வைத்துப் பார்த்தேன், பால்மிட்டிக் அமிலத்துக்கு எதிரே அதே வரி, கமா கூட மாறவில்லை.

இரண்டாவது வட்டம், பெயரில் 'சிலாக்ஸேன்' என்று முடிகிற இரண்டு சேர்மங்கள். அவை செடியில் இருந்தே வரவில்லை. கருவிக்குள் இருக்கிற குழலின் உட்பூச்சும் ஊசி குத்துகிற ரப்பர் மூடியும் சூட்டில் கசிந்து தருகிற சிலிக்கான் பொருள். அதற்கும் எதிரே 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று போட்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. கருவி வரைகிற கோட்டில் ஒவ்வொரு சேர்மமும் ஒரு சிகரமாக எழும், அதில் பெரிய சிகரங்களில் ஒன்று ஒரு தாலேட். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற பொருள் அது. உடம்புக்கு ஆகாது என்று பல நாடுகளில் குழந்தைகளின் பொம்மைகளில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மெத்தனால் சாற்றை நான் வாங்கிப் போனது எதில் தெரியுமா? அதே ஆய்வகம் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவில். கண்ணாடிக் குப்பி கேட்டபோது "இதுவே போதுங்க" என்றுதான் சொன்னார்கள். வெயிலில் பைக்கில் ஒரு மணி நேரம், பிறகு அறையில் ஒரு வாரம், மெத்தனால் பிளாஸ்டிக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. குளத்துத் தண்ணீரில் இருந்தும் செடிக்குள் தாலேட் வரலாம், அதை மறுக்கவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி, செடி இல்லாமல் வெறும் மெத்தனாலை அதே டப்பாவில் வைத்து அதே கருவியில் ஓட்டிப் பார்ப்பது. பிளாங்க் என்பார்கள். அதை ஓட்டவே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில், "யாரும் கேக்கறதில்லைங்க, பேப்பர் போடறதுக்கு இது போதும்" என்றார் பொறுப்பாளர். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. இந்தப் பட்டியலை நம்பி நான் கட்டுரை போட்டு, அதைப் படித்து இன்னொருவர் இந்தச் செடியில் மருந்து இருக்கிறது என்று பொடி விற்க ஆரம்பித்தால்? இரண்டு முறை நேரில் போய், மேடத்தையும் போனில் பேச வைத்த பிறகு பாதிக் கட்டணத்தில் பிளாங்க் ஓட்டினார்கள். தாலேட் சிகரம் அதே இடத்தில், அதே நேரத்தில், பிளாங்க்கிலும் வந்தது. சிலாக்ஸேனும் வந்தது. முப்பதில் ஏழு சேர்மங்களைப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டேன். மிச்சத்தில் நூலகப் பொருத்தம் (கருவியின் கணினியில் இருக்கிற தெரிந்த சேர்மங்களின் பதிவோடு ஒத்துப்போகிற அளவு) மிகக் குறைவாக இருந்தவற்றையும் நீக்கினேன். கடைசியில் நம்பிச் சொல்ல முடிந்தது கொழுப்பு அமிலங்கள், பச்சையத்தில் இருந்து உடைந்து வருகிற ஃபைட்டால், ஸ்டிக்மாஸ்டீரால் ஆகியவைதான். ஸ்டிக்மாஸ்டீரால் இந்தச் செடியில் முன்பே பலர் கண்டது, அதனால் அதை நம்பி எழுதினேன்.

ஜிசி-எம்எஸ்ஸே வீண் என்று சொல்லவரவில்லை. சூட்டில் ஆவியாகிறதைத்தான் அது காட்டும். இந்தச் செடியில் மருந்து நோக்கில் பேசப்படுகிற பொருள்கள் பலவும் அப்படி எளிதில் ஆவியாகாதவை. ஷிக்கிமிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுக்கிற ஓசல்டமிவிர் மாத்திரைக்கு மூலப்பொருள் அது, நம் பிரியாணியில் போடுகிற அன்னாசிப்பூவில் இருந்துதான் பெரும்பாலும் எடுத்தார்கள். வெங்காயத்தாமரையிலும் இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. பிறகு பினைல்பினலீன் என்று ஒரு குடும்பம், வாழை வகைகளும் அதன் உறவுச் சேர்மங்களைப் பூஞ்சைக்கு எதிராகச் செய்துகொள்ளும். பிளேவனாய்டுகள் இருக்கின்றன. இதையெல்லாம் பார்க்க, ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்துக் காட்டுகிற எச்பிஎல்சி, எல்சி-எம்எஸ் கருவிகள் வேண்டும், சுத்தமான ஒப்பீட்டுப் பொருளை வாங்கிப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். "நீங்க தேடறது இந்தக் கருவியில தெரியாது" என்று பணம் வாங்கும் முன் ஒரு வார்த்தை அவர்கள் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் இந்த ஒன்றரை மதிப்பெண்.

கன உலோகச் சோதனைக்கு முழு மதிப்பெண் கொடுத்த காரணம். வெங்காயத்தாமரை உலோகத்தை உறிஞ்சுகிற செடி, கழிவுநீரைச் சுத்தம் செய்யவே இதைப் பயன்படுத்துகிறார்கள். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் என்று தண்ணீரில் எது இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும், வேரில் அதிகம், இலையில் குறைவு. ஆகவே இதில் மருந்து தேடுகிறவன் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், நானோ கடைசியில் செய்தேன். அந்தப் பிரிவில் இருந்த இளைஞர் மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதில் தொடங்கி, பிளாங்க், தெரிந்த அளவு உலோகம் கலந்து மீட்டெடுத்த சதவீதம், சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரியின் அளவு, எல்லாவற்றையும் நான் கேட்காமலே அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்திருந்தார். ஒரே கட்டடத்தில் இரண்டு விதமான ஒழுங்கு! விசாரித்தபோது புரிந்தது, உலோகச் சோதனை மட்டும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற தேசிய வாரியம்) அங்கீகார எல்லைக்குள் வருகிறது, ஜிசி-எம்எஸ் வரவில்லை. வாசலில் மாட்டியிருக்கிற சான்றிதழைப் பார்த்து எல்லாச் சோதனைக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். எந்தச் சோதனைக்கு, எந்தப் பொருளுக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்திலேயே இருக்கிறது, பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

முடிவு என்ன என்றால், இலை வரம்புக்குள் இருந்தது. வேரில் காட்மியம் வரம்பைத் தாண்டியது. மூலிகைப் பொருளுக்கு ஆயுர்வேத மருந்துநூல் வைத்திருக்கிற வரம்பு பத்து லட்சத்தில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கு. காட்மியத்துக்குத்தான் கயிறு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது பாருங்கள். அது சிறுநீரகத்தில் போய்த் தங்கிவிடும், வருடக்கணக்கில் வெளியேறாது. அதுவும் ஒரு குளத்தில், ஒரு மாதத்தில் எடுத்த இலைதான் வரம்புக்குள் இருந்தது. அடுத்த குளத்தில், கோடையில் தண்ணீர் வற்றும்போது என்ன இருக்கும் என்பதற்கு இந்தக் காகிதம் பொறுப்பேற்காது. வேர்ப் பொடியை முழுவதும் ஆய்வகத்திலேயே கழிவில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

செலவு, ஓட்டம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் போன்ற மாணவனுக்குக் கனம்தான். போனில் காலை 11 மணிக்கு முன் பேசினால் பதில் உண்டு, மதியத்துக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. சொன்ன தேதிக்கு உலோக அறிக்கை மட்டும் வந்தது, மற்ற இரண்டும் ஒரு வாரம் தள்ளிப்போயின. கச்சாத் தரவைப் பென்டிரைவில் கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் பட்டியல் மட்டும்தான்.

மழை முடிந்ததும் இலை மட்டும் மறுபடி எடுக்கப் போகிறேன், மூன்று குளங்களில். கண்ணாடிக் குப்பி ஒரு டஜன் வாங்கி வைத்தாயிற்று. உலோகத்துக்கு இதே ஆய்வகம், அந்த இளைஞரிடம் தேதி சொல்லிவிட்டேன். ஷிக்கிமிக் அமிலத்துக்கு எச்பிஎல்சி பார்க்க வேறு இடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கூட நின்று பார்க்க விடுகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.